முதலாண்டு கால்குலஸ் முடிந்தது, அடுத்து?

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் நான் நேராகப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் இறங்கினேன். அணிக் கணிதம் சரியாகத் தெரியாததால் ஒரு மாதம் தவித்தேன். நீங்கள் முதலில் ஐகன் மதிப்பு வரை அணிகளை முடித்துவிடுங்கள். ஓர் அணி சில திசையன்களைத் திசை திருப்பாமல் வெறுமனே ஓர் எண்ணால் பெருக்கும், அந்த எண்தான் ஐகன் மதிப்பு. அப்புறம் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். சுருள்வில்லில் தொங்கும் எடையின் அலைவு ஒன்றை முழுசாகத் தீர்த்துப் பாருங்கள்.

ஒரு வளைவைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் ஃபூரியே தொடருக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள். வரைபடத்தாளில் ஒரு சைன் அலை வரையுங்கள். மூன்று மடங்கு அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள அலையை அதோடு கூட்டுங்கள். அடுத்து ஐந்து மடங்கில் ஐந்தில் ஒரு பங்கு. வளைவு மெல்லச் சதுர அலையாக மாறும். கையால் வரைந்த அன்றுதான் எனக்கு அது உண்மையிலேயே புரிந்தது. சதுர அலை சட்டென்று மேலும் கீழும் தாவும் இடத்தில் ஒரு சிறு கூம்பு எழும். எத்தனை அலை சேர்த்தாலும் அது நெருங்கி ஒடுங்குமே தவிர, அதன் உயரம் தாவலின் அளவில் சுமார் 9 சதவீதத்துக்குக் கீழே குறையாது.

இப்போது வெப்பச் சமன்பாட்டுக்கு வாருங்கள். ஒரு கம்பியில் வெப்பநிலை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு அது. ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலின் பொருளே வெப்பம்தான். கம்பியின் இரு முனையும் பூஜ்ஜிய வெப்பநிலையில் இருந்தால் ஒவ்வொரு சைன் அலையும் தனித்தனியே தேயும். மூன்று மடங்கு அலையின் தேய்வு வீதம் ஒன்பது மடங்கு. அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்று இருமுறை வகையிட்டுப் பாருங்கள், அணிகளில் படித்த ஐகன் மதிப்பு அங்கே நிற்கும்.