புகாரில் நியாயம் இருந்தும் தோற்பது ஏன்? செல்போன் கம்பெனியிடம் நாம் செய்யும் தவறுகள்

"நெட் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க" என்று கஸ்டமர் கேரில் சொன்னால், போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் தன் கணினியில் பதிந்துகொள்ள அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. எந்த இடம், எத்தனை மணி, 4ஜியா 5ஜியா, வேகம் எவ்வளவு? இவை இல்லாத புகார் இரண்டு நாளில் 'தீர்க்கப்பட்டது' என்ற எஸ்எம்எஸ்ஸோடு மூடப்பட்டுவிடும்.

முதல் தவறு, திரையில் தெரியும் கோடுகளை நம்புவது. நாலு கோடு என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. போன் தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு வரைவதுதான். உண்மையான அளவு, சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) எண்ணில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். எண் மைனஸில் வரும்; சைபரை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் மைனஸ் 90 என்றால் தாராளம், மைனஸ் 110 தாண்டினால் தடுமாறும், மைனஸ் 120 பக்கம் போனால் கால் துண்டாகும்.

இந்த எண்ணை வாசலில் ஒருமுறையும் உள்ளறையில் ஒருமுறையும் பாருங்கள். வெளியே மைனஸ் 85, உள்ளே மைனஸ் 115 என்றால் குற்றவாளி கான்கிரீட் சுவர். கம்பெனியோடு மல்லுக்கட்டுவதைவிட, டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேச வைக்கும் வைஃபை காலிங்கை ஆன் செய்வது பலன் தரும். உள்ளேயும் சிக்னல் நன்றாக இருந்து வேகம் மட்டும் இல்லையென்றால், அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும், வைஃபையையும், இணையத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். காலையில் பறந்து இரவில் நொண்டினால் பெரும்பாலும் டவரில் நெரிசல். எப்போது பார்த்தாலும் 64 கேபிபிஎஸ், 128 கேபிபிஎஸ் மாதிரி ஒரே எண்ணில் நின்றால், உங்கள் டேட்டா அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம். 64 கேபிபிஎஸ்ஸில் 3 எம்பி படம் ஒன்று இறங்கவே ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று இருந்தாலும், அதன் எல்லை நியாயப் பயன்பாட்டு விதி என்ற பெயரில் பொடி எழுத்தில் இருக்கும். இன்னொன்று: 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 40 எம்பி இறங்கும் என்று எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் உண்டு. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் எட்டால் வகுக்க வேண்டும், 5 எம்பிதான்.

அழைப்பதற்கு முன் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். கோளாறு சிம்மோடு போகிறதா, போனிலேயே தங்குகிறதா என்று தெரிந்துவிடும். இ-சிம் (கழற்றும் அட்டை இல்லாமல், க்யூஆர் கோடு மூலம் போனுக்குள்ளேயே ஏற்றப்படும் சிம்) வைத்திருப்பவர்கள் மட்டும் 'அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம்' என்று இறங்கிவிடக் கூடாது. பல கம்பெனிகளின் க்யூஆர் கோடு ஒருமுறைதான் வேலை செய்யும். அதுபோக, இ-சிம்மை அழித்தால் இணைப்பு ரத்தாகிவிடாது; போஸ்ட்பெய்டு பில் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

பலரும் கோட்டைவிடும் இடம் அடுத்தது. புகார் மூடப்பட்டதும் கோபத்தில் புதிய புகார் கொடுக்கிறார்கள். புதிய எண் விழுந்தால் கெடு நாளும் மறுபடி முதலிலிருந்து ஓடும். கம்பெனியின் கணக்கில் பழைய பிரச்சினை தீர்ந்துவிட்டது. அதே எண்ணைச் சொல்லி மறுபடி திறக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதே எண்ணோடு மேல்முறையீட்டுக்குப் போங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம், எத்தனை நாளில் முடிப்பதாகச் சொன்னார் என்பதைக் குறித்து வையுங்கள். போனில் பேசுவதைவிட சாட் நல்லது. ஸ்க்ரீன்ஷாட் கையில் நிற்கும்.

பில்லில் தகராறு என்றால் மொத்தப் பணத்தையும் நிறுத்திவிடுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் கணினிக்கு அது வெறும் பாக்கி. தாமதக் கட்டணம் ஏறும், அவுட்கோயிங் நிற்கும். ஒத்துக்கொள்ளும் தொகையைக் கட்டிவிட்டு, மீதி எந்த வரியில் ஏன் தகராறு என்று எழுத்தில் கொடுங்கள். கேட்காத 'காலர் ட்யூன்', விளையாட்டு சந்தா போன்றவற்றுக்குச் சின்னச் சின்னதாகப் பணம் போவது அந்த ஆப்பை அழித்தால் நிற்காது. சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும், முதல் பிடித்தம் நடந்த தேதியிலிருந்து திரும்பக் கேட்க வேண்டும், இனிமேல் மூன்றாம் தரப்புக் கட்டணமே வராதபடி அடைக்க வழி உண்டா என்றும் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு ரோமிங்கில் டேட்டாவை அணைத்தால் போதும் என்ற நினைப்பும் செலவு வைக்கும். வருகிற அழைப்புக்கும் காசு போகலாம். எடுக்காமல் விட்ட அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பப்பட்டால் சில திட்டங்களில் அதற்கும் சேர்த்து விழும். கிளம்பும் முன் ##002# டயல் செய்தால், பெரும்பாலான நெட்வொர்க்குகளில் திருப்பிவிடும் அமைப்புகள் எல்லாம் ரத்தாகும்.

கம்பெனி மாறும்போது பழைய இணைப்பை முதலில் ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண்ணை போர்ட் செய்ய (அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாற்ற) முடியாது, எண்ணே கைவிட்டுப் போகலாம். பாக்கியைக் கட்டி, இரண்டு பக்கமும் பெயரும் அடையாள ஆவணமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, புதிய கம்பெனி வழியாகவே போர்ட் கேளுங்கள். புதிய சிம்மில் கால் வந்து போகும் வரை பழைய சிம்மைத் தூக்கிப் போட வேண்டாம். மாறும் நேரத்தில் ஓடிபி தாமதமாகலாம், அன்றைக்கு வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்ததை அழைப்பது எல்லாவற்றிலும் மோசம். போலி எண்களை வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் எரிச்சலுக்காகவே காத்திருக்கிறார்கள். எண்ணை பில்லிலிருந்தோ சிம் வந்த அட்டையிலிருந்தோ எடுங்கள். ஓடிபி கேட்டாலோ, திரையைப் பார்க்கும் ஆப்பைப் போடச் சொன்னாலோ வைத்துவிடுங்கள். காரணமில்லாமல் சிக்னல் முழுதாகப் போய், பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு நன்றாக வேலை செய்தால், டவர் கோளாறு என்று மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே கம்பெனியை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு.