வளவுக்குள் கேமரா: செட்டிநாட்டுத் திருமணப் படக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர்களிடம் இன்று இருக்கும் கேமராவை எங்கள் தலைமுறை தொழிலுக்கு வந்தபோது கனவிலும் கண்டதில்லை. இருட்டில் எடுக்கிறது, ஓடுகிறவர் முகத்தையும் தவறவிடாமல் பிடிக்கிறது. ஆனாலும் ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் ஒருமுறை புரட்டிவிட்டுக் கேட்கிற கேள்வி மாறவில்லை: “அப்பத்தா எங்கே?” வீட்டையும் வீட்டு மனிதர்களையும் தெரிந்துகொள்ளாமல் படம் எடுக்கப் போவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தவறு. மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில்தான் அந்த வீட்டில் முதன்முதலாகக் கால் வைப்பது என்ற பழக்கத்தை முதலில் விட வேண்டும். மண்டபத்தில் எங்கே நின்றாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். செட்டிநாட்டு வீடு அப்படி இல்லை. முகப்பில் தெரு வெளிச்சம், வளவு எனப்படும் திறந்த முற்றத்துப் பகுதியின் நடுவே வானத்து வெளிச்சம், சுற்றியுள்ள தாழ்வாரத்தில் அரை இருட்டு, அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் முழு இருட்டு. நான்கு அடி நகர்ந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். முற்றத்துப் பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை சுமார் 5500 கெல்வின். வீடியோக்காரர் தூக்கிப் பிடிக்கும் ஹாலஜன் விளக்கு 3200. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் நிற்கும். பிறகு கணினியில் உட்கார்ந்து எவ்வளவு இழுத்தாலும் இரண்டு கன்னமும் ஒன்றாகாது. எந்த இடத்தில் எந்த விளக்கு என்று வீடியோக்காரரிடம் முதல் நாளே பேசி முடித்துவிடுவது மேல்.

ஃப்ளாஷை மேலே திருப்பி அடிப்பது மண்டபத்தின் வெள்ளைக் கூரைக்குச் சரி. இங்கே தலைக்கு மேல் இருப்பது பர்மாத் தேக்கு. உயரமும் அதிகம், நிறமும் கருமை. போன வெளிச்சத்தில் கொஞ்சம்தான் திரும்பும், அதுவும் பழுப்பேறித் திரும்பும். நேராக அடித்தால் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய சுவர் பளிச்சென்று திருப்பி அடிக்கும். பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் மணமக்களுக்குப் பின்னால் கேமராவோடு நீங்களும் நிற்பீர்கள். சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெயில் விழும்போது, அருகில் நிற்பவர்களின் தாடையடி சிவந்து தெரியும். பல வீடுகளில் மழைக்காகவும் குரங்குக்காகவும் முற்றத்தின் மேல் நீலமோ பச்சையோ ஃபைபர் ஷீட் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே எடுத்த படத்தில் பட்டுப்புடவையின் நிறத்தை நெய்தவரே அடையாளம் காண மாட்டார். மணை போடும் இடத்தில் முதல் நாள் அதே நேரத்துக்குப் போய், ஒரு வெள்ளை அட்டையை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்று புதியவர்கள் கேமராவைக் குறை சொல்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் கோடு போய்விடும்.

நகரத்தார் மணப்பெண் அணியும் பெரிய தங்கத் தாலியான கழுத்திரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவ்வளவு தங்கம் ஒரே இடத்தில் வெளிச்சத்தில் மின்னும்போது, முகத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்து எடுத்தால் நகை வெள்ளைத் திட்டாகிவிடும். வெளுத்துப்போன தங்கத்தின் வேலைப்பாட்டை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கொஞ்சம் இருட்டாக, கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால் முகத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது சடங்குகளின் வரிசை. நகரத்தார் திருமணத்துக்கு வெளியூர்க் குழு வந்தால் திருப்பூட்டுவதை, அதாவது தாலி கட்டுவதை மட்டும் குறிவைத்து நான்கு கேமராவோடு காத்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை அவர்கள் காபி குடிக்கிற நேரத்தில் நடந்துவிடுகின்றன. இரு வீட்டார் சம்மதத்தையும் எழுத்தில் வைக்கிற இசைகுடிமானம், சீராக வரும் வேவை இறக்குவது, பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பது, மொய் எழுதுவது ஆகியவற்றில் பளபளப்பு இல்லை. ஆனால் அந்த வீட்டின் நினைவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நகரத்தார் பிரிவு பிரிவாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களில் பெண் வீட்டார் எந்தக் கோயில், மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கோயில், கோயில் மாலை எப்போது வந்து சேரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாதவர், மாலை வரும்போது மொட்டை மாடியில் ட்ரோனுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார்.

திருப்பூட்டும் நேரத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றி உறவுகள் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்களை விலக்கி நிறுத்துவதற்குப் படக்காரருக்கு உரிமை இல்லை. பார்க்க வந்தவர்கள் அவர்கள்தாம். நமக்கான இடத்தை முதல் நாளே வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, ஓர் உயரமான முக்காலியோடு அங்கே நின்றுவிட வேண்டும். இதைவிட மோசமானது, கட்டி முடித்த பிறகு “இன்னொரு முறை கட்டுவதுபோல் பிடியுங்கள்” என்று மாப்பிள்ளையிடம் சொல்வது. முகத்துக்கு நேரே யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது, வராமல் இருப்பதே நியாயம். சடங்கு ஒருமுறை நடப்பது. தவறவிட்டால் தவறவிட்டதுதான், அதை மறைக்க மறுபடி நடத்தச் சொல்லக்கூடாது.

செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டுமே என்ற நினைப்பும் தவறு. இங்கே ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு மற்ற வீடுகளின் காதணி விழாவும், பூப்புனித நீராட்டு விழாவும், புதுமனை புகுவிழாவும், நிக்காஹும், தேவாலயத் திருமணமும்தான். காது குத்தும்போது குழந்தையின் அழுகையையே குறிவைத்து, மடியில் வைத்திருக்கும் தாய்மாமனின் முகத்தைப் படத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விழாவே மாமனுக்கானது. சீர்த்தட்டுகளோடு மாமன் வீட்டார் தெருவில் நடந்து வருவதை எடுக்காமல் விட்டால், அவர் எடுத்த மற்ற ஐநூறு படங்களும் அந்த வீட்டில் பேசப்படாது.

குழுப்படத்தை அவசர வேலையாக நினைப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. பங்காளிகள் யார், தாயபிள்ளைகள் யார், யாரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாது; வீட்டில் ஒருவருக்கு நிச்சயம் தெரியும். பெரும்பாலும் அது ஓர் அத்தையோ சித்தப்பாவோ. அவரைக் காலையிலேயே கண்டுபிடித்து, பெயர்ப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துக்கொண்டால், வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன் எல்லாக் குழுப்படங்களும் முடிந்துவிடும். முற்றத்தின் நடுவில் வெயிலில் நிறுத்தாமல், தாழ்வார நிழலில், முகம் முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். ஒருவர் கண்ணும் சுருங்காது.

கூட்டத்தில் தானாக வந்து நிற்காதவர்களைத் தேடிப் போக வேண்டும். கணவரை இழந்த பாட்டிமார்கள் பல வீடுகளில் இன்றும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறார்கள். பேத்தியின் கல்யாணத்துக்கு ஆறு மாதமாக உழைத்தவர், படம் எடுக்கும்போது மட்டும் இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவார். அவரை ஒதுக்குகிற வழக்கத்துக்குக் கேமராவும் துணைபோகக் கூடாது. மணப்பெண்ணிடம் சொன்னால் போதும், பெண்ணே கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவாள். அதோடு, வீட்டில் உள்ள முதியவர்கள் ஒவ்வொருவரையும் முகப்புத் திண்ணையில் உட்கார வைத்து, பக்கத்திலிருந்து தெரு வெளிச்சம் விழ, தனிப்படம் எடுங்கள். “ஆச்சி, கொஞ்சம் இப்படிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதும். சிரிக்கச் சொல்ல வேண்டாம். சில வருடம் கழித்து, மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் வேண்டும் என்று வாக்காளர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களின் தவிப்பை ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிற எல்லோரும் அறிவார்கள். 12க்கு 18 அங்குலத்தில் தெளிவாக அச்சிட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். அட்டையிலும் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்திலும் அது எங்கே இருக்கிறது?

இதையொட்டி நிற வேலை. கறுப்பான பெண்ணை வெளுப்பாக்கி, எண்பது வயதுக்காரரின் சுருக்கத்தை வழித்தெடுத்துக் கொடுப்பதைச் சேவை என்று நினைக்கிறார்கள். அது பெண்ணிடம் “உன் நிறம் கல்யாணத்துக்கு ஏற்றதல்ல” என்று அச்சடித்துக் கொடுப்பது. அந்த வீட்டு முகப்பிலேயே, உத்திரத்துக்குக் கீழே சாய்த்து மாட்டிய பழைய படங்களை நிமிர்ந்து பாருங்கள். முழங்காலில் வைத்த கை நரம்பு வரை தெரிகிறது. அதனால்தான் பேரன் தன் கையை அதில் அடையாளம் காண்கிறான்.

வெளிப்புறப் படத்துக்காகப் பழைய வீடுகளை வாடகைக்கு எடுப்பவர்கள் செய்கிற சேதமும் சிறிதல்ல. ரப்பர் முனை தேய்ந்த விளக்குத் தண்டைப் பூக்கல் தரையில் இழுப்பது, வண்ணப் புகையை வளவுக்குள் வெடிப்பது, செதுக்கிய நிலைக்கதவில் டேப் ஒட்டுவது. கீறிய ஆத்தங்குடிக் கல்லுக்கு அதே நிறத்தில் மாற்றுக் கல் கிடைப்பது அரிது. காவல்காரர் கையில் காசு கொடுத்து உள்ளே போவதை அனுமதி என்று சொல்லவே முடியாது. பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருக்கும். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரித்து, எழுத்தில் வாங்குங்கள். கோயில்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பிள்ளையார்பட்டியோ குன்றக்குடியோ, எதுவரை கேமரா போகலாம் என்று அலுவலகத்தில் கேட்ட பிறகே பையைத் திறக்க வேண்டும். ட்ரோனுக்கும் 2021ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிடப் பதிவும் அதை இயக்குபவருக்கான சான்றும் வேண்டும்.

எடுத்த படம் தன்னுடையது என்று நம்பி அன்று இரவே வலைத்தளத்தில் போட்டுவிடுவது பரவலான தவறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சட்டத்தை விடுங்கள். கல்யாணம் முடிந்ததும் பூட்டி, ஆண்டில் பெரும்பகுதி ஆள் இல்லாமல் கிடக்கிற வீடுகள் இவை. நகையையும், வெள்ளிச் சாமானையும், எந்த அறை எங்கே என்பதையும் ஊர் பெயரோடு உலகத்துக்குக் காட்டுவது அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் கேடு. விளம்பரத்துக்குப் படம் வேண்டுமானால் எந்தப் படம் என்று காட்டி, சம்மதம் வாங்கிய பிறகு, அவர்கள் கிளம்பிப்போன பின் போடலாம்.

ஆல்பம் தாமதமாவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுவார்கள். அவர்கள் ஊரில் இருக்கும்போதே படங்களைக் காட்டித் தேர்வு செய்யவைக்காவிட்டால், பிறகு ஒரு வருடம் ஆனாலும் தேர்வு வராது. பழி நம்மேல் விழும். எத்தனை தாள், என்ன அளவு, என்று கிடைக்கும், மீதிப் பணம் எப்போது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் பதிவாகும்படி வைத்து, அன்று இரவே தனித்தனி இடத்தில் இரண்டு நகல் எடுத்த பிறகுதான் தூக்கம்.

கடைசியாக, தொழில்காரர்களுக்கு இடையே உள்ள நடப்பு. ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லை என்ற பயத்தில், தை மாத முகூர்த்தத்தைப் பாதி விலைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அந்த விலையில் நல்ல உதவியாளர் வர மாட்டார், வேலை கெடும், அடுத்த ஆண்டு ஊருக்கே அதுதான் விலை என்றாகிவிடும். மந்தமான மாதங்களுக்கான பணத்தை வைகாசியிலும் ஆவணியிலுமே ஒதுக்கி வைப்பதுதான் வழி. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்தை ஏற்றுக்கொண்டு, ஒன்றுக்கு யாரென்று தெரியாத ஆளை அனுப்புவதைவிட, தேவகோட்டையிலோ புதுவயலிலோ உள்ள நண்பருக்கு அதை முழுதாகக் கைமாற்றி, வீட்டாரிடம் நேரில் அறிமுகப்படுத்திவிடுங்கள். நாளை காய்ச்சலில் படுத்தால் அவர்தான் நமக்காக நிற்பார். விளக்குப் பிடிக்க வந்த பையனுக்குக் கூலியை அன்றே கொடுங்கள். முதல் பந்தி முடிவதற்குள் அவனை அழைத்துப் போய்ச் சாப்பிட உட்கார வையுங்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து வந்தவன் அவன்.