பழைய கீசர் சத்தம் போட்டால் செய்யக் கூடாதவை

மார்கழி பிறந்தால் விடியற்காலையில் எங்கள் வீட்டில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி. இன்னொன்று குளியலறையில் மாட்டியிருக்கும் 25 லிட்டர் கீசர். வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும். அப்புறம் யாரோ தொட்டிக்குள் கூழாங்கல்லை உருட்டுவது போல ஆகிவிடும். "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு குளிர்காலத்தை ஓட்டினேன். முதல் தவறு அதுதான்.

ஒருவழியாக மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றி வெளியே இழுத்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. சுண்ணாம்பு பூசிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது. "போர் தண்ணியா சார்?" என்று மட்டும் கேட்டார். தொட்டிக்குள் கைவிட்டு, அடியில் கிடந்த வெள்ளைச் சில்லுகளை ஒரு குவளை நிறைய அள்ளிப் போட்டார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு ஏறியதும் சுண்ணாம்பாகக் காயிலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படிவத்துக்கும் காயிலுக்கும் நடுவே சிக்கிய துளித் தண்ணீர் சட்டென்று ஆவியாகி, வெடித்து வெளியே வரும். கடுகு வெடிப்பது அதுதான். குடிநீரின் கடினத்தன்மை, அதாவது இந்த மாதிரி உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போர் தண்ணீரில் அது 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 60 லிட்டர் காய்ச்சினால் 30 கிராம் உள்ளே போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினால்கூட வருடத்துக்கு ஒரு கிலோ.

இந்த நிலையில் தண்ணீர் சரியாகச் சுடவில்லை என்று, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருகுபவர்கள் உண்டு. நானும் திருகினேன். 60 டிகிரிக்கு மேல் போகப்போக உப்பு இன்னும் வேகமாகப் படியும், காயில் தன் மேல் போர்த்திய சுண்ணாம்புக்குள்ளேயே வெந்து ஒருநாள் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றுவது அதைவிட மோசம். சுண்ணாம்போடு சேர்த்து, தொட்டியின் உட்பூச்சையும் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியம் கம்பியையும் அது அரித்துவிடும். காயிலைக் கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்தாலே போதும். போர்த் தண்ணீர் வீடுகளில் இதை வருடத்துக்கு ஒருமுறை செய்துவிட வேண்டும். அப்படியே அந்த மெக்னீசியம் கம்பியையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மெக்னீசியம் கரைந்து நடுவிலுள்ள மெல்லிய கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் மாற்றியாக வேண்டும். அதை விட்டால் அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில்தான்.

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று இருக்கிறது. கீசருக்கு அடியில், குளிர்ந்த தண்ணீர் ஏறும் குழாயில், ஒரு சின்ன வால்வு இருக்கும். கீசர் ஓடும்போது அது 'ஸ்ஸ்' என்று இரைந்து சொட்டும். 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது ஏறக்குறைய 350 மில்லி விரியும். அந்த ஒன்றரை டம்ளர் தண்ணீர் எங்கேயாவது போகவேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்தச் சொட்டு. தரை நனைகிறதே என்று வால்வின் வாயை மூடிபோட்டு அடைத்துவிடுகிறார்கள். குக்கர் வெயிட்டின் துளையில் புளியங்கொட்டையைச் செருகுவதும் இதுவும் ஒன்றே. தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால் தொட்டிக்குள் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டும். தொட்டி கிழிந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் ஆவியாக விரியும். சுவரே நிற்காது. சொட்டினால் ஒரு குழாய் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள், அவ்வளவுதான். சூடு ஏறி முடிந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால், அல்லது சுடச்சுட ஒழுகினால், வால்வையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உள்ளே 'தளதள' என்று கொதிக்கிற சத்தம் கேட்டு, குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவியும் சீறினால் அங்கே நிற்காதீர்கள். மின்பெட்டியில் கீசருக்கான எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சில மணி நேரம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

'ர்ர்ர்' என்று ரீங்காரம் கேட்டால் காதைத் தொட்டிக்குப் பதிலாக சுவிட்ச் பெட்டிப் பக்கம் வையுங்கள். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினாலோ, திருகு தளர்ந்திருந்தாலோ இந்தச் சத்தமும் கருகல் வாசனையும் வரும். ஈரக் கையோடு பிளக்கை ஆட்டிப் பார்க்கவே கூடாது.

எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. சூடேறும்போதும் ஆறும்போதும் வரும் 'டிக் டிக்' இரும்பு விரிந்து சுருங்குவது. குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டம்' என்று இடித்தால் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கும், கீசர்மேல் பழி போட வேண்டாம்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பற்றும்போது 'பொம்' என்று கேட்டால் எரிவாயு தேங்கிப் பற்றுகிறது என்று பொருள். அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது கார்பன் மோனாக்சைடு கக்கினால் வாசனையும் வராது, சத்தமும் வராது.

சர்வீஸ் முடிந்ததும் மெக்கானிக் கிளம்புகிற அவசரத்தில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். அப்போது தொட்டி காலியாக இருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்று புஸ்ஸென்று இருமும், அப்புறம் விட்டுவிட்டுக் கொட்டும். தண்ணீர் நூல் பிடித்த மாதிரி விழ ஆரம்பித்ததும் மூடிவிட்டு சுவிட்சைப் போடலாம்.