கேம் சர்வருக்கு எஸ்க்யூலைட்: 'லாக்ட்' பிழை தீர்ந்த விதம்

என் கேம் சர்வரில் ஆட்டக்காரர் விவரங்களுக்கு ஆளுக்கொரு ஜேசான் (டெக்ஸ்ட்) ஃபைல் இருந்தவரை, எழுதும் நேரத்தில் சர்வர் விழுந்தால் ஃபைல் பாதியில் நிற்கும். ஆட்டக்காரர்கள் பொருள் மாற்றிக்கொள்ளும் டிரேடில் ஒரே வாள் இருவர் கையிலும் இருக்கும். எஸ்க்யூலைட் (SQLite) என்ற ஒற்றை ஃபைல் டேட்டாபேஸுக்கு மாறி, கொடுப்பதையும் வாங்குவதையும், முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டதும் இரண்டும் ஒழிந்தன.

பிறகு, ஒரு கனெக்‌ஷன் எழுதும்போது இன்னொன்றும் எழுத முயன்றால் வரும் 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' பிழை தலைகாட்டியது. ஜர்னல் மோடை 'வால்' (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) ஆக்கினேன். அந்த அமைப்பு டிபி ஃபைலிலேயே பதிந்துவிடும். பூட்டு விடுபடக் காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட் அப்படியல்ல, சி லைப்ரரியில் இயல்பாக 0. கனெக்‌ஷன் திறக்கும்போதெல்லாம் 5000 மில்லிசெகண்ட் கொடுக்க வேண்டும். அதோடு எழுதும் டிரான்சாக்‌ஷனை எழுதும் பூட்டைத் தொடக்கத்திலேயே எடுக்கும் 'பிகின் இமீடியட்' என்றே தொடங்குங்கள். வெறும் 'பிகின்' போட்டு, படித்துவிட்டு எழுதப் போகும்போது, இடையில் இன்னொரு கனெக்‌ஷன் எழுதியிருந்தால் டைம்அவுட்டுக்குக்கூடக் காத்திராமல் பிழை வரும்.

சர்வர் ஓடும்போது டிபி ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால், பக்கத்து வால் ஃபைலில் இருக்கும் புதிய பதிவுகள் போய்விடும். பேக்கப்புக்கு, டேட்டாபேஸை முழுதாகப் புது ஃபைலில் எழுதும் 'வேக்யூம் இன்டு' கட்டளைதான் சரி. நெட்வொர்க் டிரைவில் வால் மோட் ஆகாது. பல மெஷின்களிலிருந்து எழுதுவதென்றால், தனி சர்வராக ஓடும் டேட்டாபேஸான மரியாடிபி.