கடைசி வீடுகளில் சிவப்பு விளக்கு

பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் கடைசி வீடுகளுக்கு மட்டும் நெட் வந்து வந்து போனது. வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்யூ பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரை, வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளமான 1490 நானோமீட்டரில் வைத்து அளந்தால் -29 டிபிஎம். ஜிபான் என்ற ஃபைபர் நெட் முறையின் பி பிளஸ் வகைக்கு -27க்குக் கீழே போகவே கூடாது.

கம்பத்துப் பெட்டியில் இருந்தது எஃப்பிடி 1:8, ஒரு இழையின் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். இழைகளை உருக்கி இணைத்துச் செய்வது அது. எட்டு முனையிலும் ஒளி ஒரே அளவில் வரவில்லை, கடைசி வீடுகளுக்குப் போனவை ரொம்பவே மோசம். அதை எடுத்துவிட்டு, சில்லில் ஒளிப்பாதை பதித்துச் செய்யும் பிஎல்சி 1:8 ஸ்ப்ளிட்டரை மாட்டினேன். எல்லா முனையிலும் இழப்பு கிட்டத்தட்ட 10.5 டிபி, 1260 முதல் 1650 நானோமீட்டர் வரை பெரிதாக மாறாது. கடைசி வீட்டில் -26 வந்தது, சிவப்பு அணைந்தது.

அதற்காக எஃப்பிடியை ஒதுக்க மாட்டேன். சாலையோரமாக நீளும் நம் ஊர்களில் 10:90 என்று பிரித்து, பத்து பங்கை அங்கே எடுத்துத் தொண்ணூறை அடுத்ததற்கு அனுப்பிக் கம்பத்துக்குக் கம்பம் இறக்க அதுதான் தோது.