விண்டோஸ் 11-க்கு மாறியதும் காணாமல் போன தமிழ் விசை அமைப்பை மீட்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டி பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க்காரர்கள் பலர் 11-க்கு மாறிவிட்டார்கள், மற்றவர்கள் மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறிய கையோடு வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, என் கீபோர்டைக் காணோமே!" விண்டோஸோடு வருகிற கீபோர்டைச் சொல்லவில்லை அவர்கள். தங்கள் கைக்குத் தகுந்தபடி தாங்களே அமைத்த, அல்லது யாரோ அமைத்துக் கொடுத்த விசை அமைப்பைச் சொல்கிறார்கள். பல வருடம் பழகிய விரல் வேறு அமைப்புக்குப் போகாது. அதனால் இதை நிதானமாக, படிப்படியாக எழுதுகிறேன். புரோகிராமிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

படி 1: உங்களுடையது எந்த வகை?

விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள். கணினியில் உள்ள கீபோர்டுகளின் பட்டியல் திரையில் வரும். அடுத்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னங்களைப் பாருங்கள். அங்கே கீமேன், இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போல ஏதாவது தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இருந்தால் உங்களுடையது 'மென்பொருள் வகை'. அப்படி எதுவும் இல்லாமல், ஸ்பேஸ்பார் பட்டியலில் மட்டும் தமிழின் கீழ் தனிப்பெயரோடு இருந்தால் (அல்லது முன்பு இருந்தால்) அது 'லேஅவுட் வகை'. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கீபோர்டு லேஅவுட் கிரியேட்டர் என்ற இலவசக் கருவியில் செய்ததாக இருக்கும்.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இரண்டும் இரண்டு விதமாக உடைகின்றன. லேஅவுட் வகைக்கு முந்தைய எழுத்தைத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. இந்த விசைக்கு இந்த எழுத்து, அவ்வளவுதான். தமிழ்99 என்ற விசை அமைப்பில் க-வை அடுத்து இ-யைத் தட்டினால் 'கி' வர வேண்டும். பழைய டைப்ரைட்டர் முறையில் ஒற்றைக்கொம்பை முதலில் தட்டி, எழுத்தை அப்புறம் தட்டுவார்கள். கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடிலோ எழுத்து முன்னால், கொம்பு பின்னால். இந்த மாற்றலையெல்லாம் செய்ய ஒரு மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே டைப்ரைட்டர் முறைக்காரர்கள் லேஅவுட் கிரியேட்டரில் எவ்வளவு முயன்றாலும் முழுதாகக் கிடைக்காது. அவர்கள் கீமேன் பக்கம் போவதே நல்லது.

படி 2: மூலக் கோப்பைக் காப்பாற்றுங்கள்

இந்தப் படி லேஅவுட் வகைக்காரர்களுக்கு. இன்னும் மேம்படுத்தவில்லை என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள். கணினியில் நிறுவியிருப்பது வெறும் நகல். கே.எல்.சி. என்று முடியும் கோப்புதான் மூலம். அது கையில் இருந்தால் எந்தக் கணினியிலும் அதே அமைப்பைத் திரும்ப உருவாக்கிவிடலாம்.

கோப்பு எங்கே போனதென்றே தெரியவில்லையா? பரவாயில்லை, அமைப்பு இப்போது வேலை செய்தால் போதும். லேஅவுட் கிரியேட்டரைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'லோட் எக்ஸிஸ்டிங் கீபோர்டு' என்பதை அழுத்துங்கள். நிறுவியுள்ள அமைப்புகளின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்ததும் எல்லா விசைகளும் திரையில் நிரம்பும். அதே மெனுவில் 'சேவ் லேஅவுட் ஃபைல் ஆஸ்' கொடுத்துச் சேமித்துவிடுங்கள். கருவியைத் திறக்கும்போது டாட்நெட் 3.5 (கருவி ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள்) வேண்டும் என்று கேட்டால் சம்மதம் கொடுங்கள், விண்டோஸே இறக்கிக்கொள்ளும்.

சேமித்த கோப்பை சி டிரைவில் வைக்காதீர்கள். பென்டிரைவில் ஒன்று, உங்களுக்கே அனுப்பிய மின்னஞ்சலில் ஒன்று இருக்கட்டும். பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கடையில் கொடுத்து மாற்றப் போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். நீங்கள் 'அப்கிரேட்' என்று சொல்லுவீர்கள், கடையில் 'ஃபார்மட்' என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "ஃபைல், புரோகிராம் எல்லாம் அப்படியே இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற கோப்புறை இருக்கிறதா பாருங்கள். அதற்குள் யூசர்ஸ், பிறகு உங்கள் பெயர், பிறகு டாக்குமெண்ட்ஸ் என்று போய்த் தேடுங்கள். லேஅவுட் கிரியேட்டர் தன் கோப்புகளை வழக்கமாக டாக்குமெண்ட்ஸில்தான் வைக்கும். ஆனால் அந்தப் பழைய கோப்புறையை, மாறிய பத்து நாளில் விண்டோஸ் தானே அழித்துவிடும். இன்றைக்கே பாருங்கள்.

படி 3: பழையதை நீக்கி, புதிதாக நிறுவுதல்

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலுக்குப் போங்கள். உங்கள் அமைப்பின் பெயர் அங்கே இருந்தாலும் நம்பாதீர்கள். பெயர் மட்டும் மிஞ்சி, உள்ளே எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதை நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இப்போது லேஅவுட் கிரியேட்டரில் மூலக் கோப்பைத் திறந்து, புராஜெக்ட் மெனுவில் 'பிராபர்ட்டீஸ்' பாருங்கள். மொழி 'தமிழ் - இந்தியா' என்று இருக்க வேண்டும். பெயர் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும். பழையதை நீக்குவதில் சிக்கல் வந்தால் பெயரின் கடைசியில் ஒரு எண்ணைச் சேர்த்துவிடுங்கள், மோதல் வராது. பிறகு அதே மெனுவில் 'பில்டு டி.எல்.எல். அண்ட் செட்டப் பேக்கேஜ்'. உருவாகும் கோப்புறையில் செட்டப் என்ற கோப்பை இயக்கி, மறுபடியும் மறுதொடக்கம்.

அதன்பின் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன். தமிழுக்கு நேரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' போய், 'ஆட் எ கீபோர்டு'. உங்கள் அமைப்பு அங்கே நிற்கும்.

புதிதாக லேப்டாப் வாங்கினவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகை செயலி உள்ள கணினிக்கு லேஅவுட் கிரியேட்டர் அமைப்பு தயாரித்துத் தராது. அங்கேயே மணிக்கணக்கில் மோதிக்கொண்டிருக்க வேண்டாம்.

மென்பொருள் வகைக்காரர்களுக்கு வேலை குறைவு. புதிய பதிப்பை அதன் தளத்திலிருந்து இறக்கிப் பழையதன் மேலேயே நிறுவுங்கள். நிறுவியும் வேலை செய்யாவிட்டால் செட்டிங்ஸ், ஆப்ஸ், 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் அது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

படி 4: பட்டியலை ஒழுங்குபடுத்துதல்

நம் ஊரில் ஆங்கிலம், தமிழ் இரண்டோடு நிற்பதில்லை. அபார்ட்மெண்ட் சங்க அறிவிப்பு, பிள்ளைகளின் பள்ளி வேலை என்று கன்னடமும் கணினியில் இருக்கும். மேம்படுத்தலுக்குப் பின் இதில் அமெரிக்க ஆங்கிலம் ஒன்று, கேட்காத இன்ஸ்கிரிப்ட் (இந்திய மொழிகளுக்கான விசை அமைப்பு) ஒன்று என்று சேர்ந்துகொள்ளும். ஸ்பேஸ்பாரை ஒருமுறை தட்டி மாற வேண்டிய இடத்தில் நாலு முறை தட்டுவீர்கள். தேவையற்றதை அந்தந்த மொழியின் ஆப்ஷன்ஸில் போய் நீக்குங்கள். ஸ்பேஸ்பார் பட்டியலில் தெரிகிறது, செட்டிங்ஸில் காணோம் என்றால், அதே கீபோர்டை வேண்டுமென்றே சேர்த்துவிட்டு உடனே நீக்குங்கள். போய்விடும்.

உள்நுழைவுத் திரையையும் மறக்காதீர்கள். அங்கே தமிழ் அமைப்பு வந்து உட்கார்ந்தால் சரியான கடவுச்சொல்லே தவறு என்று வரும், பதறிப்போவோம். கீழே வலது மூலையில் மொழிக்குறி இருக்கும், அதைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

எழுத்து வருகிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்து, உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள் தமிழில் உண்டு. நோட்பேடைத் திறந்து இந்த வரியைத் தட்டுங்கள்:

ஸ்ரீ க்ஷ ஔ கொ கோ கௌ ஃ ₹ ௧௦

இனி ஒவ்வொன்றின் பின்னாலும் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு முறை தட்டுங்கள். 'கொ'வில் ஒரு தட்டுக்கு க மட்டும் மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் உங்கள் அமைப்பு கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுகிறது. அச்சில் தெரியாது, ஆனால் பல மென்பொருள்களில் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. 'ஔ' ஒரே தட்டில் முழுதும் போக வேண்டும். 'ஒ' மிஞ்சினால் அது பெரும்பாலும் ஒகரமும் ளகரமும் பக்கத்தில் நிற்பது.

'ஸ்ரீ'தான் மிகவும் நுணுக்கம். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று உள்ளே நான்கு குறியீடுகள். லேஅவுட் கிரியேட்டர் ஒரு விசைக்கு நான்கு வரைதான் அனுமதிக்கும், ஆகவே சரியாக அடங்கிவிடும். 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்தபின், அதை வைத்தும் 'ஶ்ரீ' எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள், கோயில் கமிட்டிக் கணக்கு எழுதுகிறவர்கள் பழைய கோப்புகளில் எது இருக்கிறதோ அதையே புதிய அமைப்பிலும் வையுங்கள். பாதியில் மாற்றினால் 'ஸ்ரீனிவாசன்' என்று தேடும்போது பாதிப் பெயர்கள் வராது.

₹ மட்டும் வரவில்லை என்றால் அதற்காக அமைப்பைப் பிரிக்க வேண்டாம். 'ஆங்கிலம் - இந்தியா' கீபோர்டில் வலது ஆல்ட்டோடு 4-ஐத் தட்டினால் வரும்.

மேக், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு

மேக்கில் தனி அமைப்புகள் உங்கள் லைப்ரரி கோப்புறைக்குள் 'கீபோர்டு லேஅவுட்ஸ்' என்பதில் இருக்கும். மேம்படுத்தல் பொதுவாக அதைத் தொடாது. ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, கீபோர்டு செட்டிங்ஸில் 'இன்புட் சோர்சஸ்' போய் மறுபடி சேர்த்தால் போதும். உபுண்டுவில் சிஸ்டத்தில் விசை அமைப்பு விவரங்கள் இருக்கும் எக்ஸ்.கே.பி. கோப்புகளை நேரடியாகத் திருத்தியிருந்தால், அந்தப் பொதி புதுப்பிக்கப்படும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். வேலண்ட் (உபுண்டுவின் திரைக்காட்சி முறை) அமர்வில் இருப்பவர்கள் உங்கள் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் எக்ஸ்.கே.பி. என்று ஒன்றை உருவாக்கித் திருத்தத்தை அங்கே வையுங்கள். அடுத்த மேம்படுத்தல் அதைத் தொடாது.