கோப்போ கமாரோவை ஆவணப்படுத்துவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

1969-இல் ஷெவ்ரோலே கமாரோவின் வழக்கமான ஆப்ஷன் பட்டியலில் 427 கன அங்குல எஞ்சின் கிடையாது. கமாரோ அளவுள்ள கார்களில் 400 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று ஷெவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. ஆனால் போலீஸ், டாக்ஸி போன்ற சிறப்பு ஆர்டர்களுக்காக சென்ட்ரல் ஆபீஸ் புரொடக்‌ஷன் ஆர்டர் என்றொரு தனி வழி இருந்தது. அதன் சுருக்கம்தான் கோப்போ. பென்சில்வேனியாவின் டான் யென்கோ, இலினாயின் ஃப்ரெட் கிப் போன்ற டீலர்கள் அந்த வழியாக 427-ஐ கமாரோவுக்குள் கொண்டுவந்தார்கள். 9561 என்ற எண்ணில் வந்தது இரும்பு பிளாக் (எஞ்சினின் முக்கிய உடல்) கொண்ட எல்72 எஞ்சின். 9560-இல் வந்தது முழு அலுமினிய இசட்எல்1. அதில் 69 கார்கள் மட்டுமே தயாராயின.

இந்தக் கார்களின் வெளிப்புறத்தில் 427 என்ற சின்னம் எதுவும் ஆலையிலிருந்து வரவில்லை. சாதாரண கமாரோவில் ஒரு 427-ஐ இறக்கிவிட்டு ‘கோப்போ’ என்று விற்பது அதனால்தான் சுலபமாக இருக்கிறது. ஆவணப்படுத்துவது என்றால் காரின் ஒவ்வொரு சான்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது.

1. துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்

அழுக்கோடு, துருவோடு, பழைய பெயின்ட்டோடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஆலைத் தொழிலாளர்கள் ஃபயர்வாலிலும் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஆக்ஸிலிலும் போட்ட கிரீஸ் பென்சில் குறிகள் ஒருமுறை துணி பட்டாலே போய்விடும். ரெஸ்டோரேஷன் என்ற பெயரில் இவை அழிக்கப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒவ்வொரு இடத்தையும் தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று என எடுத்தால்தான் அந்த எண் எங்கே இருந்தது என்று பிறருக்கும் புரியும்.

2. விஐஎன் எண்

ஒவ்வொரு காருக்கும் ஆலை தரும் அடையாள எண் இது. டாஷ்போர்டின் இடது ஓரத்தில், கண்ணாடி வழியாகவே தெரியும். 124379N என்று தொடங்கினால்: 1 ஷெவ்ரோலே, 24 வி8 கமாரோ, 37 கூப்பே, 9 என்பது 1969, N நார்வுட் ஆலை. 24 இருக்க வேண்டிய இடத்தில் 23 இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த கார். வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். 24 இருந்தாலும் அது எந்த வி8 என்று இந்த எண் சொல்லாது.

3. கவுல் டேக்

எஞ்சின் அறையில் ஃபயர்வாலின் மேல்பகுதியில் ரிவெட் அடித்த சிறு தகடு. பெயின்ட், உள் அலங்காரம், தேதி எல்லாம் இதில் உண்டு. 04D என்றால் ஏப்ரல், நான்காவது வாரம். 1968 டிசம்பர் முதல் நார்வுட் ஆலையில் ஒரு X எண்ணையும் சேர்த்தார்கள். X33, X77 என்றால் இசட்/28; X22, X66 என்றால் எஸ்எஸ் 396. இரண்டும் வழக்கமான பட்டியலில் இருந்த வேறு கமாரோ வகைகள். இவை இருந்தால் கோப்போ கதை நிற்காது. X11 அல்லது X44 பொருந்தும். ஆனால் அதே எண்கள் எத்தனையோ சாதாரண கமாரோக்களிலும் உண்டு என்பதால், பொருந்துவதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4. எஞ்சின் முத்திரை

நிறைய நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. எஞ்சினின் முன்பக்கம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஒரு தட்டையான பரப்பு இருக்கும். உதாரணமாக T0410MN என்று அடித்திருந்தால்: T டோனவாண்டா எஞ்சின் ஆலை, 0410 எஞ்சினைக் கூட்டிச்சேர்த்த ஏப்ரல் 10, MN நான்கு கியர் மேனுவல் கொண்ட எல்72. ஆட்டோமேட்டிக் என்றால் MO. பக்கத்திலேயோ, ஆயில் ஃபில்டருக்கு மேலேயோ விஐஎன்னின் ஒரு பகுதியும் இருக்க வேண்டும். அதன் கடைசி இலக்கங்களை டாஷ்போர்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து பிளாக்கின் வார்ப்புத் தேதி. D 2 9 என்றால் 1969 ஏப்ரல் 2. பிளாக்கை வார்த்தது, எஞ்சினைக் கூட்டிச்சேர்த்தது, கார் கட்டியது என்ற வரிசை மாறவே கூடாது. மேலே சொன்ன ஏப்ரல் 2, ஏப்ரல் 10, ஏப்ரல் நான்காம் வாரம் சரியாக ஓடுகிறது. எஞ்சின் தேதி காரின் தேதிக்குப் பிந்தியது என்றால் அது அந்தக் காரோடு பிறந்த எஞ்சின் அல்ல.

எழுத்துகளைப் படிப்பதோடு நின்றுவிடாமல் அந்தப் பரப்பையும் பாருங்கள். ஆலை இயந்திரம் சீவியபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் அதில் தெரிய வேண்டும். யாராவது தேய்த்து மறுபடி அடித்திருந்தால் அந்தக் கோடுகள் போயிருக்கும், அல்லது வேறு திசையில் சுழலும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் இது பளிச்சென்று தெரியும்.

5. பின் ஆக்ஸில்

பயணி பக்கத்து ஆக்ஸில் குழாயில் BE என்ற முத்திரையைத் தேடுங்கள். கோப்போ கமாரோவில் வந்த, 4.10 கியர் விகிதம் கொண்ட பன்னிரண்டு போல்ட் ஆக்ஸிலுக்கான குறி அது.

6. காகிதங்கள்

காரில் எதையெல்லாம் பொருத்த வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன ஆலையின் பில்ட் ஷீட் சில கார்களில் சீட் ஸ்பிரிங்குகளுக்குள் சிக்கிக் கிடக்கும். டீலர் இன்வாய்ஸில் 9561AA என்ற வரி இருந்தால் அது மிக வலுவான சான்று. வாரண்டிப் புத்தகத்தோடு வந்த ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற உலோகத் தகட்டில் விஐஎன்னும் எஞ்சின், ஆக்ஸில் குறிகளும் புடைத்திருக்கும். மூன்றுக்கும் போலி உண்டு. தாளின் மடிப்பு, கறை, பின்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து, அது யார் கையிலிருந்து வந்தது என்றும் எழுதிவையுங்கள்.

ஃபோர்டு ஆர்வலர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை: 1967 முதலான கார்களுக்கு கார் எப்படித் தயாரானது என்று சொல்லும் மார்ட்டி ரிப்போர்ட் ஆலைத் தரவிலிருந்தே கிடைக்கிறது. பான்டியாக்குக்கு இதேபோல் பிஹெச்எஸ் என்ற ஆவணச் சேவை உண்டு. அமெரிக்காவில் விற்ற ஷெவ்ரோலேக்களுக்கு அப்படி முழுமையான ஆலைப் பதிவு எதுவும் கிடைப்பதில்லை. இத்தனை தடயங்களைத் துரத்துவதற்கு அதுதான் காரணம்.

7. எழுதி வைப்பது

ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு வரி: எங்கே பார்த்தது, என்ன எழுதியிருந்தது, படத்தின் எண், உங்கள் முடிவு. முடிவுக்கு மூன்றே சொற்கள் போதும்: உறுதி, பொருந்துகிறது, முரண்படுகிறது. உரிமையாளர் சொன்ன கதையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கண்ணால் பார்த்த சான்றோடு கலக்க வேண்டாம். படங்களைப் பொதுவில் போடுவதென்றால் உரிமையாளரின் அனுமதி பெற்று, விஐஎன்னின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுங்கள். முழு எண் கிடைத்தால், அதை வேறொரு பிளாக்கில் அடித்துவிட ஆள் இருக்கிறார்கள்.